நாலாவது பாட்டில்

அத்தியாயம் ஏழு

முதல் குத்து ஒட்டடைக்குச்சியின் தாடையில் இறங்கியது. அடுத்தது இறங்குவதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான். அடி வாங்கும்போதுகூட வாயை மூடத் தெரியாத பிறவி அது.

"அண்ணே, ஒரு பாக்கெட் பால் கேட்டதுக்கா இவ்வளவு கோபம்? இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

மொட்டைத்தலையன் இரண்டாவது குத்தை வயிற்றில் வைத்தான். ஆறடி உயரமும் அதற்குப் பாதி எடையுமாக வளர்ந்திருந்த ஒட்டடைக்குச்சி, அடுக்கி வைத்திருந்த பால் பெட்டிகளோடு சேர்ந்து சரிந்தான். பத்துப் பதினைந்து பாக்கெட் வெடித்து அவன் தலையில் ஓடியது.

கல்லாவுக்குக் கீழே பால் கடைக்காரம்மா சுருண்டு கிடந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டை, ஒட்டடைக்குச்சிக்கும் அவன் மேடமுக்கும் ஐந்தே நிமிடம் முன்னால் வந்திருக்கிறான். பட்டப்பகல் ஒரு மணி, வெளியே தெருவில் ஜனம் போகிறது வருகிறது, உள்ளே ஒரு பெண்பிள்ளையை ஐஸ் உடைக்கிற கம்பியால் அடித்திருக்கிறான். என்ன துணிச்சல் பாருங்கள்!

"ஃப்ரீசர்லதான் இருக்குன்னு சொன்னாங்க. எங்கடி?"

கடைக்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மொட்டை பெரிய ஃப்ரீசரின் மேல்மூடியைத் தூக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் வாரி வெளியே வீசினான். அடியில் கிடைத்துவிட்டது. கையடக்கமான கண்ணாடி பாட்டில். வாயில் சிவப்பு அரக்கு, கழுத்தில் நூல், வயிற்றில் நம்பர் போட்ட காகிதச் சீட்டு.

"மேடம்!" என்று ஒட்டடைக்குச்சி அலறினான்.

மொட்டை பாட்டிலை ஓங்கி சிமென்ட் தரையில் அடித்தான். கண்ணாடி நாலா பக்கமும் ஓடியது. பெரிதாக ஒன்று ஃப்ரீசருக்கு அடியில் உருண்டது.

அப்போதுதான் மேடம் உள்ளே வந்தாள். ஐம்பது வயது, காட்டன் புடவை, தோளில் கனமான கைப்பை. பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று சொல்வீர்கள். டீக்காக அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பால் பாத்திரத்தை முந்தானையால் பிடித்துத் தூக்கி, மொட்டையின் முதுகில் அப்படியே கவிழ்த்தாள்.

அவன் போட்ட கூச்சலில் தெரு நின்றுவிட்டது. தடுமாறி ஃப்ரீசர் விளிம்பைப் பிடித்தான். மேடம் மேல்மூடியை இரண்டு கையாலும் இழுத்து அவன் விரல்களின் மேல் அறைந்தாள்.

"இந்தக் கைதானே என் தங்கச்சி விரலை ஒடிச்சது?"

மறுபடி அறைந்தாள். எலும்பு முறிகிற சத்தம் ஒட்டடைக்குச்சிக்குக் கேட்டது.

"ஒண்ணு ஒண்ணா ஒடிச்சியே, ஒண்ணு ஒண்ணா!"

மூன்றாவது தடவை அவள் மூடியைத் தூக்கியபோது ஒட்டடைக்குச்சி வழுக்கி வழுக்கி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தான். "போதும் மேடம். போலீசுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க." பத்து வருஷமாக அவளிடம் வேலை செய்கிறான். அவள் கை ஓங்கி இதுவரை பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். மேடமின் தங்கச்சி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி. நாட்டில் எவன் எதை டப்பாவில் அடைத்தாலும் பாக்கெட்டில் போட்டாலும் அதை ஜனங்கள் சாப்பிடலாமா கூடாதா என்று சொல்கிற ஆணையம் அது. 'மக்களுக்கு முன்னாடி ருசி பாத்துச் சாகிற உத்தியோகம்' என்பான் ஒட்டடைக்குச்சி. பதினோரு கைக்குழந்தைகள் ஒரே பால் கம்பெனியின் பாக்கெட்டைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒன்று செத்தும் போயிற்று. திங்கட்கிழமை தங்கச்சி இந்தக் கடைக்கு வந்து அதே பாலை நாலு பாட்டிலில் பிடித்து சீல் வைத்தாள். சட்டம் அப்படி. ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, இரண்டு அவள் ஆபீசுக்கு, நாலாவது கடைக்காரருக்கு. ஆபீசுக்குரியதை அங்கே ஒப்படைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மொட்டைத்தலையனும் அவன் ஆட்களும் ஜீப்பை மறித்தார்கள். பாட்டிலை நொறுக்கினார்கள். அவள் தாடையை உடைத்தார்கள். இனிமேல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வலது கை விரல் ஐந்தையும் ஒடித்தார்கள்.

ஆபீசிலிருந்த இரண்டில் ஒன்றைப் பரிசோதித்தாயிற்று. பால் சுத்தம் என்று ரிசல்ட் வந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு ஆணையரே வந்து விசாரணை வைக்கிறார். இந்தப் பாலுக்குப் போட்டிருக்கும் தற்காலிகத் தடையை நீக்கிவிட்டால் நாலு மணிக்கு நாற்பது லாரி பால் கடைகளுக்குக் கிளம்பும். அதனால்தான் மேடமும் ஒட்டடைக்குச்சியும் இந்த நாலாவது பாட்டிலைத் தேடி ஓடி வந்தார்கள். அதுவும் இப்போது தரையில்.

அக்கம்பக்கத்தார் மொட்டையைக் கயிற்றால் கட்டினார்கள். வெளியே பைக்கில் காத்திருந்த அவன் கூட்டாளி போனில் ஏதோ சொல்லிக்கொண்டே தப்பிவிட்டான். ஒட்டடைக்குச்சி வெளிக்குழாயில் வாய் கொப்பளித்து ரத்தம் துப்பிவிட்டு வந்தபோது, மேடம் தரையில் முழங்காலிட்டுக் கண்ணாடியைக் கூட்டி முடித்திருந்தாள். அவனிடம் ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டினாள். நிறைய ஐஸ்.

"தாடைக்கு ஒத்தடம் குடு. வீங்குது பாரு."

"எனக்காகவா? மேடம், அழுதுடுவேன்."

"அழு. வாளியை மட்டும் கீழ வைக்காத."

கடைக்காரம்மாவின் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டே மேடம் கேட்டாள்: "திங்கட்கிழமை என் தங்கச்சி என்னவெல்லாம் பண்ணினா? ஒண்ணு விடாம சொல்லும்மா."

"கையைக் கழுவினாங்க. கத்தரிக்கோலைத் தீயில காட்டி அதுக்கப்புறம்தான் பாக்கெட்டை வெட்டினாங்க. பாட்டில் வாயையும் தீயில சுத்திக் காட்டினாங்க. எதுக்கும்மா பாலுக்கு இவ்வளவு சடங்குன்னு கேட்டேன். என் கை அழுக்கு இதுல போயிடக் கூடாதுன்னாங்க. நாலு பாட்டிலும் நேரா ஐஸ் பெட்டிக்குள்ள."

"வேற ஏதாவது ஊத்தினாளா?"

"பாலைத் தவிர ஒரு சொட்டு ஊத்தலை. ஒரு பாட்டில் உனக்கு, ஃப்ரீசர்ல வை, யாருக்கும் குடுக்காதன்னாங்க. அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

மேடம் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பின்சீட்டில் வாளியை அணைத்துக்கொண்டு ஒட்டடைக்குச்சி கத்தினான். "மேடம்! பாட்டில் எந்தக் கடையிலன்னு மொட்டைக்கு எப்படித் தெரிஞ்சுது? நமக்கே காலையில ஆஸ்பத்திரியில அவங்க இடது கையால எழுதிக் காட்டினப்பதானே தெரியும்?"

"அதையேதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் மேடம்.

ஆணையத்தின் கிளை ஆபீசில் விசாரணை அறை மாடியில் இருந்தது. நீளமான மேஜையின் தலைமாட்டில் ஆணையர். சின்ன உருவம், மெல்லிய குரல். ஆனால் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நாடு முழுக்க ஒரு பொருளின் விற்பனை நிற்கும். வலது பக்கம் கம்பெனி வக்கீல், கடிகாரத்தைப் பார்த்தபடி. இடது பக்கம் தங்கச்சியின் மேலதிகாரி. தலை நரைத்த, சாந்தமான மனிதர். பெரிய ஆபீசர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாலு நாளாகத் தவறாமல் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கச்சி தலைமாட்டில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

"அடடா, தம்பி முகத்துக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"பால் உடம்புக்கு ஒத்துக்கலை சார்" என்றான் ஒட்டடைக்குச்சி.

தங்கச்சியின் சார்பில் பேச மேடமுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். வக்கீல் அதற்கு இடமே வைக்கவில்லை. "இந்தப் பால்ல ஒரு கிருமிகூட இல்லன்னு உங்க ஆய்வுக்கூடமே சொல்லிடுச்சு. அந்த அதிகாரி என்ன உள்நோக்கத்தோட எங்க பேரைக் கெடுத்தாங்களோ தெரியாது. தடையை எடுங்க. லாரி காத்திட்டிருக்கு."

"ஒரு கிருமிகூட இல்லையா?" என்று மேடம் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுகூட?"

"பூஜ்யம்" என்றார் வக்கீல் பெருமையாக.

"பதினஞ்சு வருஷம் இதே ஆணையத்தோட ஆய்வுக்கூடத்துல பால் பாத்திருக்கேன் சார். எவ்வளவு நல்ல பாக்கெட் பாலா இருந்தாலும் நாலு கிருமி இருக்கும். இருந்தாத்தான் பால். ஆபீஸ்ல இருக்கிற இன்னொரு பாட்டிலை இங்கயே, எல்லார் முன்னாடியும் திறக்கணும்."

ஆணையர் தலையசைத்தார். பெரிய ஆபீசரே குளிர்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தார். சீட்டு சரி, நம்பர் சரி, தங்கச்சியின் கையெழுத்து சரி. அவசரத்துக்கு உதவும் என்று வெற்றுச் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆபீசில் வைப்பது அங்கே எல்லா அதிகாரிகளுக்கும் பழக்கம். அவர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி அரக்கை உருக்கினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. மூடியைத் திறந்து மேஜையில் வைத்தார்.

மேடம் பாட்டிலை மூக்குக்கருகில் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயும் பிரயோஜனம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் அமில ஜாடி வெடித்ததில் அவளுக்கு வாசனை போய்விட்டது. வேலையும் போயிற்று. அதற்குப் பிறகுதான் துப்பறிய வந்தாள். அவள் மூக்கு, மாதச் சம்பளத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"முகர்ந்து பாரு."

ஒட்டடைக்குச்சி குனிந்தான். முகம் கோணிக்கொண்டது. "உவ்வே! பிணவறை மேடம். கேஸுக்காகப் பிணம் பாக்கப் போனோமே, அதே நெடி."

பெரிய ஆபீசர் சிரித்துவிட்டார். "அது ஃபார்மலின், தம்பி. பயப்படாதீங்க. பாலைப் பாட்டில்ல பிடிச்சா அந்த மருந்துல சில சொட்டு விட்டாகணும். இல்லன்னா பரிசோதனைக்குப் போறதுக்குள்ள திரிஞ்சுடும். விதியே அதுதான். இருபத்தெட்டு வருஷமா நான் பாட்டிலைக் கையில எடுத்தா முதல்ல சொட்டு, அப்புறம்தான் பால்."

"உண்மைதான்" என்றாள் மேடம். "தண்ணி கலந்திருக்கா, கொழுப்பு குறைஞ்சிருக்கான்னு பாக்கிறதுக்கு எடுத்தா சொட்டு விடணும். ஆனா என் தங்கச்சி எதைத் தேடி எடுத்தா?"

மேடம் ஆணையரின் பக்கம் திரும்பினாள்.

"குழந்தைங்க வாந்தி எடுத்துச் சாகுது. அவ தேடினது கிருமியை. கத்தரிக்கோலைத் தீயில காட்டினா. பாட்டில் வாயைத் தீயில காட்டினா. ஐஸ்ல வச்சா. மருந்து விட்டா கெட்ட கிருமி, நல்ல கிருமி எல்லாம் சேர்ந்து செத்துடும், அதனால விடலை. கடைக்காரம்மா கண்ணால பாத்திருக்கா. அப்ப இந்தப் பாட்டில் அவ பிடிச்சது இல்லை. யாரோ பாலை மாத்தி, அவ முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்ச சீட்டை ஒட்டியிருக்காங்க."

"கம்பெனிக்காரன் இங்க நுழையவே முடியாதே!" என்றார் வக்கீல்.

"கம்பெனிக்காரன் மாத்தியிருந்தா நல்ல பாலை ஊத்திட்டுப் போயிருப்பான். அவனுக்குச் சொட்டு மருந்துன்னா என்னன்னே தெரியாது. ஆய்வுக்கூடத்து ஆளுங்க சாம்பிள் பிடிக்கிறதே கிடையாது. பாட்டிலை எடுத்ததும் யோசிக்காம முதல்ல சொட்டு விடற கை யாரோட கை? இப்பத்தான் அவரே சொன்னார்."

பெரிய ஆபீசரின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "வாயால சொன்னா ஆச்சாம்மா? அசல் பாட்டில் எங்க?"

ஆணையர் பெருமூச்சு விட்டார். "அவர் கேக்கிறது நியாயம்மா. நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா கையில அசல் பால் ஒரு கரண்டிகூட இல்லாம நாற்பது லாரியை நிறுத்தினா நாளைக்குக் கோர்ட்ல தடையை உடைச்சுடுவாங்க. அப்புறம் அதே பால் மறுபடி குழந்தைங்க வாயிலதான் போகும்."

"வாளியைக் குடு" என்றாள் மேடம்.

"ஒத்தடம்..." என்றான் ஒட்டடைக்குச்சி.

அவள் ஐஸுக்குள் கையை விட்டு ஒரு பாலிதீன் பையை இழுத்தாள். உள்ளே வெள்ளையாக, பாட்டில் வடிவத்திலேயே ஒரு பால் கட்டி. ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி ஒட்டியிருந்தது. அதன்மேல் நம்பர் போட்ட சீட்டு. கழுத்தில் நூலும் அரக்கும்கூட அப்படியே இருந்தன.

"நாலு நாள் ஃப்ரீசர்ல இருந்த பால் சார். கண்ணாடிதான் உடைஞ்சுது. பால் கல்லாட்டம் இருக்கு."

"ஐயையோ, அந்த ஐஸையா நான் வாயில போட்டுக் கடிச்சேன்?" என்று ஒட்டடைக்குச்சி அலறினான்.

அவனைவிடப் பெரிய குரல் ஒன்று கேட்டது. "அதை உடைச்சாச்சுன்னு சொன்னானே!"

சொன்னது பெரிய ஆபீசர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மறு விநாடி எரிகிற ஸ்பிரிட் விளக்கைத் தூக்கி அந்தக் கட்டியின் மேல் வீசினார். ஒட்டடைக்குச்சி என்ன நினைத்தானோ, யோசிக்க நேரமில்லை, கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேஜையில் குப்புறப் படுத்துவிட்டான். விளக்கு அவன் முதுகில் உடைந்தது. நீலத் தீ சட்டை முழுக்க ஓடியது.

"விடுடா அதை!" பெரிய ஆபீசர் அவன் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். மேஜையில் கிடந்த, நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை அவன் தோளில் ஒரு தடவை இறக்கினார், உருவினார், மறுபடி ஓங்கினார். "விடு! என் பொண்ணு கம்பெனி முதலாளி வீட்டுலதான் வாழ்க்கைப்பட்டிருக்கா! கம்பெனி மூடினா அவளைத் துரத்திடுவாங்க!"

"செத்த குழந்தைக்கும் ஒரு அப்பன் இருக்கான்!"

மேடம் கைப்பையிலிருந்து எதையோ உருவி, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, அவர் நெற்றியில் ஒரே குத்து. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் மோதி விழுந்தார். கத்தரிக்கோல் மேஜைக்கு அடியில் ஓடியது. ஆணையர் தன் கோட்டைக் கழற்றி ஒட்டடைக்குச்சியின் முதுகில் போட்டு அமுக்கினார். சதை கருகிய வாடை அறை முழுக்க நின்றது. மேடமுக்கு மட்டும் அது தெரியவில்லை.

அவள் கையில் இருந்தது தங்கச்சியின் பித்தளை முத்திரை. எல்லா அதிகாரிகளுக்கும் ஆணையம் தருகிற, அரக்கில் பதிக்கிற கனமான குமிழ். ஆஸ்பத்திரியில் தங்கச்சியின் சாமான்களோடு கொடுத்தது, நாலு நாளாகக் கைப்பையில் கிடந்தது. பெரிய ஆபீசரின் நெற்றியில் ஆணையத்தின் சின்னம், சுற்றி எழுத்தோடு, ரத்தத்தில் அழகாகப் பதிந்திருந்தது.

"சாம்பிள் சீல் வச்சாச்சு சார்" என்றான் ஒட்டடைக்குச்சி, கோட்டுக்கு அடியிலிருந்து. கட்டியை அவன் இன்னும் விடவில்லை.

வக்கீல் எழுந்தார். "சீல் உடைஞ்ச சாம்பிள் செல்லாது..."

"உடைச்சது யாரோட ஆள்னு இப்பத்தான் எல்லாரும் கேட்டோம்" என்றார் ஆணையர். மெல்லிய குரல் இப்போது மெல்லியதாக இல்லை. "இந்தக் கட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் நாட்டுல எந்தக் கடையிலயும் இந்தப் பால் விக்கக் கூடாது. கடைக்குப் போனதையும் திரும்ப எடுக்கணும்." கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி. ஒட்டடைக்குச்சியின் முதுகில் மருந்து, தோளில் தையல், தாடையில் பிளாஸ்திரி. கீழே படுக்கச் சொன்னார்கள். கேட்காமல் மேடமோடு மாடியேறி வந்தான்.

தங்கச்சியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வலது கை முழுக்க மாவுக்கட்டு. மேடமைப் பார்த்ததும் இடது கையால் நோட்டை இழுத்துக் கோணல்மாணலாக எழுதினாள்: 'பாட்டில்?'

"கிடைச்சுது. தடை போட்டாச்சு. ஒரு லாரிகூடக் கிளம்பலை."

தங்கச்சி கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி எழுதினாள். 'சாருக்கு முதல்ல சொல்லு. நாலாவது பாட்டில் எந்தக் கடையிலன்னு நேத்து அவர்கிட்டயும் எழுதிக் காட்டினேன். பத்திரமா எடுத்து வைக்கிறேன்னார். பாவம், கவலைப்பட்டுட்டே இருப்பார்.'

துப்புத் துலக்குவது பெரிதில்லை. துலக்கினதை உடம்பு முழுக்கக் கட்டோடு கிடக்கிற தங்கச்சியிடம் சொல்வது இருக்கிறதே, அதற்கு எந்தப் படிப்பும் உதவாது. மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்தாண்டி எல்லாம் பண்ணினது. உன்னை அடிக்கச் சொன்னது, விரலை ஒடிக்கச் சொன்னது, ஆபீஸ்ல பாலை மாத்தினது. அவர்தான்."

அலமாரியில் அவர் கொண்டுவந்த பழப்பை அப்படியே இருந்தது. தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டடைக்குச்சிக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. பழப்பையை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தான்.

அவன் திரும்பியபோது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணீர் கம்பிக் கட்டுக்கு மேல் வழிந்து நோட்டில் விழுந்தது.

'மாட்டினது எப்படி? மாத்தின பாட்டில்லயும் சொட்டு விட்டாரா?'

மேடம் தலையசைத்தாள்.

தங்கச்சியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருவருக்கும் தெரியவில்லை. கட்டுப்போட்ட தாடை வலிக்க வலிக்க, இடது கையால் கடைசியாக ஒரு வரி எழுதினாள்.

'எத்தனை தடவை சொன்னேன் சார்கிட்ட, கிருமி சாம்பிளுக்கு அது கூடாதுன்னு.'